தங்கச்சிக்குப் போன கோபப் பிரதி

எங்கள் முதலாளி புத்தகம் போட்டுப் பணக்காரர் ஆனவர் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. புத்தகம் போட்டுத் தெருவுக்கு வந்தவர்களைத்தான் எல்லாருக்கும் தெரியும். நானும் நம்பாமல்தான் வேலைக்குச் சேர்ந்தேன். டிகிரி முடித்து, மலையாளம் டைப்பிங் பழகி, பள்ளுருத்தியிலிருந்து பஸ் பிடித்து மட்டாஞ்சேரி பஜாருக்குள் அவர் ஆபீசைத் தேடியபோது, சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சேட்டன் ஒருவர், "ஏது புத்தகக் கம்பெனி? ஆளுகள் வந்து கண்ணாடி உடைக்கிற கம்பெனியோ?" என்று கேட்டார். எனக்கு அப்போதே திரும்பிப் போய்விட வேண்டும் என்று புத்தி வரவில்லை.

கீழே சுக்கும் மிளகும் அடைத்த கிடங்கு, மேலே நாங்கள். எங்கள் புத்தகத்தைப் பிரித்தால் இன்றைக்கும் லேசாகச் சுக்கு வாசம் அடிக்கும். முதலாளியும் எங்களைப் போலத் தமிழ் பேசுகிற ராவுத்தர் வீட்டுப் பிள்ளைதான். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், திட்டுவது மட்டும் எங்கே நின்றாலும் தமிழ். இளவயதில் படகுத்துறைக்குப் பக்கத்தில் பழைய வாரப் பத்திரிகை விற்றிருக்கிறார். ஒருநாள் ஒரு ஆள் கடைக்கு முன்னால் நின்று ஒரு பத்திரிகையைக் கிழித்துப் போட்டு மிதித்து ஆடியிருக்கிறான். அவன் மாமனாரைப் பற்றி அதில் என்னவோ எழுதியிருந்ததாம். அவன் ஆடி முடிப்பதற்குள் மிச்சப் பிரதியெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. முதலாளிக்குத் தொழில் அன்றைக்குப் பிடிபட்டது.

"பெரிய மனுசன் எழுதினா அளந்து விடுவான் மோளே. அவன் பக்கத்துல நின்னவனை எழுதச் சொல்லு, சத்தியம் தன்னால வரும்" என்பார். அப்படித்தான் ஒரு பெரிய வீட்டுச் சமையல்காரரைப் பிடித்தார், ஒரு நடிகருக்கு மேக்கப் போட்டவரைப் பிடித்தார், ரிட்டயரான போலீஸ்காரரைப் பிடித்தார், ஒரு கல்யாணத் தரகரையும் பிடித்தார். எழுதத் தெரியாதவர்களைப் பேச விட்டு நாங்கள் எழுதினோம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் வழக்கு, ஊர்வலம், கண்ணாடி உடைப்பு. சில பேர் கட்டுக்கட்டாக வாங்கி நடுரோட்டில் போட்டு எரித்தார்கள். முதலாளி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே, "எரிக்கணும்னாலும் வாங்கித்தானே எரிக்கணும்" என்று சாயா குடித்தார்.

அவர் வீடு எழும்பியதும் இந்தப் புத்தகப் பணத்தில்தான். கீழ்த்தளம் சமையல்காரர், முதல் மாடி மேக்கப்காரர், மேலே கண்ணாடி அறை போலீஸ்காரர், கார் தரகர். ஆபீசில் நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். "முதலாளி தரகர்ல வந்து இறங்கிட்டார்" என்றால் செல்போனை உள்ளே வை என்று அர்த்தம்.

எங்கள் கம்பெனியில் வெளியீட்டு விழா கிடையாது. பொன்னாடை, மலர்ச்செண்டு, இதெல்லாம் தண்டச் செலவு என்பார். முதலில் ஒரே ஒரு பிரதி தயார் செய்வோம். அந்தப் புத்தகத்தைப் படித்தால் யாருக்கு அதிகமாகக் கோபம் வருமோ, அவர் கையில் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் குதிக்க ஆரம்பித்த பிறகுதான் மொத்த அச்சு. அதற்குக் கோபப் பிரதி என்று பேர். கொண்டுபோகும் பாவி நான். "பொம்பளைப் புள்ளையை யாரும் அடிக்க மாட்டான்" என்று முதலாளி தைரியம் சொல்லுவார். அடிக்கவில்லை, சரி. தேவராவில் ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அந்த நாய்க்குப் பெண்பிள்ளை ஆண்பிள்ளை எல்லாம் தெரியவில்லை. இன்னொரு வீட்டில் அந்த அம்மா படித்து அழுது, என்னையும் அழ வைத்து, போகும்போது பலாச்சக்கை வறுவல் கட்டிக் கொடுத்தார்.

கெஞ்ச வந்தவர்களும் உண்டு. அதை மட்டும் எடுத்துவிடுங்கள், பிள்ளைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது என்பார்கள். முதலாளி மரியாதையாக உட்கார வைத்துக் கேட்பார், எடுக்க மாட்டார். ஈவு இரக்கம் இல்லாத மனுசன் என்று நான் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்.

அப்படிக் கெஞ்ச வந்தவர்களில் ஒருவர் அவருடைய சொந்தத் தங்கை. நான் சேருவதற்கு முன்னால் நடந்தது இது. தரகரின் புத்தகத்தில் அந்தத் தங்கை கல்யாணக் கதையும் இருந்தது. பெண் காலேஜ் படித்தவள் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்ன தரகர், மாப்பிள்ளைக்குத் துபாயில் சொந்தமாகக் கடை என்று பெண் வீட்டில் சொல்லியிருக்கிறார். பெண் பத்தாம் கிளாஸே தேறவில்லை. மாப்பிள்ளை அந்தக் கடையில் சாயா கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு பொய்யும் முதல் ராத்திரியில் ஒன்றுக்கொன்று சலாம் சொல்லிக்கொண்டன. அவர்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டு நன்றாகத்தான் குடும்பம் நடத்தினார்கள். புத்தகம் வந்த பிறகு ஊர் சிரிக்க ஆரம்பித்தது. பள்ளிவாசல் வாசலிலேயே மாப்பிள்ளையைத் "துபாய் முதலாளி வாறார்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த மனுசன் வெட்கம் தாங்காமல் மனைவியோடு அக்கரையில் வைப்பினுக்குக் குடி போனவர், மௌத்தாகிற வரைக்கும் மட்டாஞ்சேரிப் பக்கம் கால் வைக்கவில்லை. மையத்து அடக்கத்துக்குப் போன அண்ணனோடு தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

முதலாளிக்கு இருந்த ஒரே குறை அதுதான். சாப்பிட உட்கார்ந்தால் சொல்லுவார்: "சின்ன வயசுல அவ திட்டாம எனக்குச் சோறு எறங்கினதே இல்ல மோளே. இப்ப இத்தனை பெரிய வீட்டுல என்னைத் திட்ட ஆளில்ல." நான் திட்டுகிறேனே என்றால், "நீ சம்பளத்துக்குத் திட்டறே" என்பார்.

போன வருஷம் அவருக்குத் தன் கதையையே எழுத வேண்டும் என்று ஆசை வந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். செய்தி பஜாரில் பரவியதும், தங்கள் பேர் இருக்கிறதா என்று பயந்துகொண்டு பலர் வந்தார்கள். இல்லை என்றதும் அதைவிடக் கோபமாகப் போனார்கள். கடைசியில் தங்கையைப் பற்றி ஒரு அத்தியாயம் சொன்னார். அவள் மீன்கறி வாயில் வைக்க விளங்காது, அவள் பத்தாம் கிளாஸில் ஐந்து தடவை தோற்றாள், தன் கல்யாணக் கதையைப் புத்தகத்தில் போடச் சொல்லி அவளேதான் காலைப் பிடித்தாள். படச்சவனே! என் கை கீபோர்டில் நின்றுவிட்டது.

"இது பொய்யாச்சே முதலாளி. நாம பொய் போடறதில்லையே?"

"பொய்தான். கோபப் பிரதியை அவளுக்குக் கொண்டு போ."

"உங்களுக்குப் புத்தி கலங்கிப்போச்சா?"

"அவ வரணும் மோளே. வந்து என் மூஞ்சியில துப்பினாலும் சந்தோசம். ஆளை வரவழைக்க எனக்கு வேற வழி தெரியல."

அவர் கண் கலங்கியிருந்தது. தொழில் மனுசனைத் தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு படகு ஏறினேன்.

தங்கை வாசலில் உட்கார்ந்து மத்தி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும், "கை மீனா இருக்கு. நீயே வாசி" என்றார். ஒரு மனுசியின் முகத்துக்கு நேராக அவரைப் பற்றிய பொய்யை வாசிப்பது போல ஒரு தண்டனை எதிரிக்கும் வேண்டாம். மீன்கறியில் என் குரல் இறங்கியது, காலைப் பிடித்ததில் காற்றுதான் வந்தது. பத்தாம் கிளாஸ் ஐந்து தடவை என்றபோது மட்டும் அவர் நிமிர்ந்தார்.

"அஞ்சா? ரெண்டுதான்" என்றார். மறுபடி மீனை எடுத்தார்.

"மாமி, உங்களுக்குக் கோபம் வரலையா?"

"பொய்க்கு எதுக்கு மோளே கோபம்? அன்னைக்கு எழுதினது உண்மை, அதான் சுட்டுப் பொள்ளிச்சு. இது பாவம், வயசான காலத்துல என்னவோ உளறிவெச்சிருக்கான்." ஆய்ந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு எடுத்துடுன்னு கேக்கப் போனேன். அச்சாயிடுச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னான். சரி, கை மீறிப்போச்சு, அவன்தான் என்ன பண்ணுவான்னு மனசு சொல்லும். ஆனாலும் பேச வாய் வரல. நல்லா விக்கட்டும்னு சொல்லு."

சாயா கொடுத்து அனுப்பினார். நான் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். முதலாளி "நல்லா விக்கட்டும்னா சொன்னா?" என்று இரண்டு தடவை கேட்டார். அச்சானதைப் பற்றிச் சொன்னபோது எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டார். அன்று யாரையும் திட்டவில்லை. ஆபீசே பயந்துபோயிற்று.

மறுநாள் அந்த அத்தியாயம் முழுவதையும் எடுக்கச் சொன்னார். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பக்கம், தன் கையால் எழுதியது. அதை வைத்து இன்னொரு பிரதி செய்யச் சொன்னார். "இது அவளுக்கு மட்டும். வாசிச்சதும் திருப்பி வாங்கிட்டு வந்துடு. அச்சுக்கு இல்ல, கேட்டியா?" என்றார்.

மறுபடி படகு. மறுபடி அதே வாசல். நான் வாசித்தேன்:

"என் தங்கை வந்து அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொன்னாள். அச்சாகிவிட்டது என்றேன். அப்போது காகிதம்கூட வாங்கியிருக்கவில்லை. அவள் போன பிறகுதான் காகிதத்துக்கு ஆள் அனுப்பினேன். அவள் படியிறங்கிய வேகத்தைப் பார்த்து, புத்தகம் நன்றாக ஓடும் என்று தெரிந்துகொண்டு, முதலில் நினைத்ததைவிட அதிகமாகவே அச்சடிக்கச் சொன்னேன்."

தங்கை எழுந்தார். கையைக் கழுவினார். பர்தாவை மாட்டிக்கொண்டு, புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கி, "வா" என்றார். படகில் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றே வந்தார். ஆட்டோவிலும் அதை விடவில்லை. எனக்கு நெஞ்சுக்குள் கொஞ்சம் குஷியாகத்தான் இருந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும்.

மாடிப்படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார். "எங்கடா அவன்? காகிதமே வாங்கலையா? கொள்ளையில போறவனே! என் மாப்பிள்ளை ஊர் முகத்துல முழிக்காம செத்தாரேடா, உனக்குக் காகிதம் வாங்க அன்னைக்குத்தான் நேரம் கெடைச்சுதா?" கீழே மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். தமிழில் இத்தனை திட்டு இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். மலையாளத்தில் வாசித்து வளர்ந்தவள் நான், பாதி விளங்கவில்லை. முதலாளிக்கு எல்லாம் விளங்கியது. எழுந்து நின்று, தலையைக் குனிந்து, கண்ணீர் வழிய வழியக் கேட்டுக்கொண்டே இருந்தார். "சொல்லு, இன்னும் சொல்லு" என்றார். அது தங்கைக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மூச்சு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்த தங்கை புத்தகத்தை மேஜை மேல் போட்டார். "இதைப் போடு" என்றார்.

"எதை?"

"இந்தப் பக்கத்தை. எல்லாரும் வாசிக்கட்டும்."

முதலாளி முகம் வெளுத்துப்போனது. "அது உனக்காக எழுதினது. ஊருக்கு இல்ல. பேரப் புள்ளைகள் வாசிக்கும். பள்ளிவாசலுக்குப் போனா நாலு பேர் முகத்துல எப்படி முழிப்பேன்? நீ சொல்ற வேற எது வேணாலும் செய்யறேன், அதை மட்டும் எடுத்துடறேன்." இத்தனை வருஷம் அந்த மேஜைக்கு எதிர்ப்புறத்தில் நின்று எத்தனையோ பேர் பேசியதை இப்போது அவர் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு தங்கை பக்கம்தான் இருந்தது.

"என் மாப்பிள்ளையைப் பார்த்து ஊர் சிரிச்சுதுல்ல? உன்னைப் பார்த்தும் கொஞ்சம் சிரிக்கட்டும். ஒண்ணும் ஆகாது. நான் கூட இருக்கேன்."

முதலாளி அந்தப் பக்கத்தை எடுத்து மறுபடி ஒரு தடவை வாசித்தார். பிறகு என்னைப் பார்க்காமலேயே, "போட்டுடு மோளே" என்றார்.

தங்கை எழுந்து, "படகு வரைக்கும் கூட வாறியா அண்ணே?" என்று கேட்டார். முதலாளி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். தெரு முனை திரும்பும்வரை தங்கை திட்டிக்கொண்டே போனது கேட்டது. அவர் மனம் மாறித் திரும்பி வருவதற்குள் நான் அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.