சூளை வாயில் கேட்கும் கேள்வி

அம்சவல்லியின் வாய்க்குச் சூளையே தேவலாம் என்று விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு பேச்சு உண்டு. சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான் சொன்னார்கள். ஒரு சின்னக் கம்பெனியில் பியூஸ் கட்டைகளைப் பூச்சுத் தண்ணீரில் முக்கி எடுப்பது அவள் வேலை. கை பாட்டுக்கு முக்கி எடுக்கும், வாய் பாட்டுக்கு யாரையாவது வறுத்தெடுக்கும். அப்படி ஒன்றும் அவள் பிறவியிலேயே கோபக்காரி இல்லை. அவளுடைய ஓரகத்தி கொளஞ்சியம்மாள் செத்த வருஷத்திலிருந்து வந்த கோபம் அது.

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்தது. சூளையில் சரக்கை அடுக்கி, வாயைக் கல் வைத்து அடைத்ததும் கற்பூரம் ஏற்றித்தான் தீ மூட்டுவார்கள். அதற்கு முன்னால் மேஸ்திரி பழமலை தொண்டையைச் செருமிக்கொண்டு, தூரமாக இருக்கிறவர்கள் ஒதுங்கிக்கொள்ளும்படி ஒரு குரல் கொடுப்பார். மாதவிலக்கான பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வாசல் கேட்டுக்குப் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சரக்கு வெடித்துவிடுமாம். ஊருக்கே தெரியும், யாருக்கு இன்றைக்கு என்னவென்று. என்ன மானக்கேடு! அந்தத் தீட்டுப் பயத்தால் கற்பூரம் ஏற்றும் உரிமையை விலக்கு நின்றுபோன ஒருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். அது பெரிய கௌரவம். மாலை போடாத குறைதான்.

கொளஞ்சியம்மாளுக்குத்தான் அந்தக் கௌரவம் இருந்தது. நின்று மூன்று வருஷம் ஆனபிறகு அவளுக்கு மறுபடியும் உதிரம் பட ஆரம்பித்தது. வெளியே சொன்னால் கற்பூரத் தட்டு கையை விட்டுப் போகும். அது போனாலும் போகட்டும், அத்தனை நாள் வெடித்த சரக்கையெல்லாம் அவள் தலையில்தான் போடுவார்கள். வாயை மூடிக்கொண்டாள். கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டிவிட்டு, சாமி பார்த்துக்கொள்வார் என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்தாள். இடுப்பு வலி தாங்காமல் அம்சவல்லியிடம் சொன்னபோது காரியம் மிஞ்சிவிட்டது. ஆறு மாதம் முன்னால் கூட்டி வந்திருக்கக் கூடாதா என்று புதுச்சேரி டாக்டரம்மா கேட்ட கேள்வி அம்சவல்லியின் காதை விட்டுப் போகவேயில்லை. கருமாதிக்கு வந்தவர்கள் வயிற்றில் கட்டி என்றார்கள், சூடு என்றார்கள், செய்வினை என்றுகூடச் சொன்னார்கள். கர்ப்பப்பை என்று சொல்ல ஒரு ஜென்மத்துக்கும் நாக்கு வரவில்லை. அன்றைக்கு அவளுக்கு வந்த எரிச்சலில் பந்தலைப் பிடுங்கிப் போட்டிருப்பாள்.

கற்பூரத் தட்டு அடுத்து வீராயி கைக்குப் போனது. வீராயி சாது, அதிர்ந்து பேசமாட்டாள். 2007இல் மழை தொடங்கிய சமயம், அவள் சாப்பாட்டு வேளையில் தள்ளிப் போய் உட்காருவதையும், வெளிர் நிறப் புடவையே கட்டாமல் இருப்பதையும் அம்சவல்லி பார்த்தாள். பின்பக்கக் குழாயடியில் வீராயி ஒளித்து ஒளித்துத் துணி அலசியதையும் பார்த்துவிட்டாள். நேரே போய்க் கேட்டாள். வீராயி முதலில் மழுப்பினாள், அப்புறம் அழுதாள்.

"ரெண்டு மாசமா படுதுடி. அதோடதான் நாலு சூளைக்குக் கற்பூரம் ஏத்தியிருக்கேன். போன சூளையில பாதி வெடிச்சிடுச்சு. தெரிஞ்சா என்னச் சும்மா வுடுவாங்களா?"

"கட்ட வெடிச்சா வேற கட்ட செஞ்சுக்கலாம்க்கா. நீ செத்தா வேற ஒருத்தி தட்டு தூக்குவா, அவ்ளோதான்."

எவ்வளவு சொல்லியும் வீராயி அசையவில்லை. கேட்டில் நின்று நாலு பேர் வாயில் விழுவதைவிடச் சாவதே மேல் என்றாள். அம்சவல்லிக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் புதுச்சேரியிலிருந்து டாக்டர்கள் வந்து முகாம் போடப்போவதாகப் பாலக்கரையில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பெண்களுக்கான சிறப்பு முகாமாம், அனைவரும் வருக வருகவாம். என்ன சீக்குக்கு முகாம் என்று மட்டும் மூச்சு விடவில்லை. அம்சவல்லி ஆட்டோவை மறித்தாள். பொம்பளைச் சமாச்சாரத்தை நடுரோட்டில் எப்படிச் சொல்வது என்று மைக் பிடித்தவன் நெளிந்தான். வந்ததே கோபம் அவளுக்கு!

"மூலம் பௌத்திரம்னு செவுத்துக்குச் செவுரு கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருக்கீங்களே, அதுக்கு வராத வெக்கம் இதுக்கு மட்டும் எங்கேருந்துடா வருது?"

மைக்கைப் பிடுங்கி அவளே பேசினாள். கர்ப்பப்பையிலும் அதன் வாயிலும் புற்றுநோய் வரும். நின்றுபோனபிறகு உதிரம் பட்டாலோ, புருஷனோடு சேர்ந்தபிறகு பட்டாலோ, வெள்ளைபட்டு நாற்றம் அடித்தாலோ உடனே காட்ட வேண்டும். ஒன்றுமே இல்லாதவர்களும் ஒருதரம் சோதித்துக்கொள்ள வேண்டும். முளையிலேயே பார்த்தால் பிழைக்கலாம். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அப்படியே கொட்டினாள். டீக்கடையில் இருந்த ஆம்பளைகள் கிளாஸுக்குள் தலையைவிட்டுக்கொண்டார்கள். வளையல் கடையில் நின்ற பெண்கள் மட்டும் நகரவில்லை.

ஊருக்குச் சொன்னது வீராயிக்கு உறைக்கவில்லை. முகாமுக்கு முந்தின வாரம் சூளை மூட்டினார்கள். பழமலை வழக்கம்போலக் குரல் கொடுத்தார். அம்சவல்லிக்கு அன்றைக்கு நிஜமாகவே தூரம். அவள் கேட்டுப் பக்கம் போகவில்லை. நேராகப் போய் வீராயி கையிலிருந்த தட்டை வாங்கினாள்.

"எனக்கு இன்னிக்கு ரெண்டாம் நாளு. நான்தான் ஏத்தப்போறேன். வெடிச்சா மொத்தத்தையும் என் தலையில போடுங்க."

பழமலை கிட்ட ஓடி வருவதற்குள் அவள் கற்பூரம் ஏற்றி, தீயையும் தன் கையாலேயே மூட்டிவிட்டாள். மூட்டிய சூளையை யார் என்ன செய்ய முடியும்? முதலாளி ராஜவேல் குதிகுதியென்று குதித்து, இனிமேல் கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது என்றார். பெண்களிலேயே பாதிப்பேர் அவளைத் திட்டினார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைத்தாள்.

சூளை பிரிக்கிற அன்று அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே போய் நின்றாள். கட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எப்போதும்போல மூலையில் கொஞ்சம் வெடித்திருந்தன. மற்றவையெல்லாம் பளபளவென்று இருந்தன. வீராயி ஒரு கட்டையை எடுத்துச் சுண்டிப் பார்த்தாள், கணீரென்றது. இன்னொன்றைச் சுண்டினாள். அதை வைத்துவிட்டு அம்சவல்லியிடம் வந்தாள்.

"முகாமுக்கு வரேன்டி. ஆமா, நீ காட்டிட்டியா?"

அம்சவல்லி காட்டவில்லை. ஊர் முழுக்க மைக்கில் கத்தியவள், தான் ஒருநாளும் சோதனைக்குப் போய்ப் படுத்ததில்லை. வெட்கம். ஆமாம், அவளுக்கும் அதே பாழாய்ப்போன வெட்கம்தான். தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல் வந்தது. முகாமில் முதல் ஆளாக அவள்தான் போய்ப் படுத்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். வீராயியைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையில் ஆரம்பித்திருந்ததாம், வெளியே பரவவில்லையாம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டாள்.

இதற்குள் பூச்சு முக்க வேறு ஆள் சரிப்படாமல் அம்சவல்லியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார் முதலாளி. வீராயியும் உடம்பு தேறி வந்தாள். கற்பூரத் தட்டு மறுபடியும் அவளிடமே வந்தது. இனி அவளுக்குத் தூரம் என்ற பேச்சே இல்லையே! பழமலை தொண்டையைச் செருமினார். வீராயி கையைக் காட்டி நிறுத்தினாள். அதிராமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவளே கேட்டாள்.

"நின்னுபோன யாருக்காச்சும் மறுபடி படுதா? வெள்ளை நாத்தம் அடிக்குதா? இருந்தா ஒதுங்காதீங்க. கிட்ட வந்து சொல்லுங்க."

 யாரும் கேட்டுக்குப் போகவில்லை. அவள் கற்பூரத்தை ஏற்றினாள்.

சாயங்காலம் அம்சவல்லி கை கழுவிக்கொண்டிருந்தபோது பழமலை குழாயடிக்கு வந்து நின்றார். இத்தனை வருஷம் ஊருக்குக் கேட்கக் கூவியவருக்கு அன்றைக்குக் குரலே எழும்பவில்லை.

"அம்சா, எங்க வூட்லயும் அப்பிடித்தான் இருக்குது. தீவாளியிலேருந்து. யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன்."

அம்சவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாக்கு நுனிவரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்குக் கூட்டிக்கிட்டு வாண்ணே. உன்ன அப்பறம் பேசிக்கிறேன்."