எங்கள் சாவடியின் ஒற்றை ஓட்டு

அந்தச் சூடம் இன்னும் கண்ணுக்குள்ளேயே எரிகிறது. கருப்பர் கோயில் வாசலில், வெற்றிலை மேல் வைத்துக் கொளுத்தியிருந்தார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையால் பொத்தி அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அடுத்தவருக்காகப் பூசாரி மறுபடி கொளுத்தினார். கடைசியாக அணைத்தவர் மாமா, என் அத்தையின் கணவர். பெண்கள் நாங்கள் தள்ளி நின்று பார்த்தோம். வீட்டுக்கு ஓர் ஆண் அணைத்தால் அந்த வீடே சத்தியம் செய்ததாகக் கணக்காம். பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாராளுமன்றத் தேர்தலில் ஊர் ஓட்டு மொத்தமும் ஒரே ஆளுக்கு என்பதுதான் சத்தியம். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாயைத் தூர்வாரித் தருவதாக அந்த வேட்பாளரின் ஆட்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். எங்கள் தொகுதி லேசுப்பட்டதல்ல. காரைக்குடியில் பஸ் ஏறி உட்கார்ந்தால் எத்தனை ஊர் தாண்டினாலும் அது முடியாது. ஜெயித்தவர்கள் யாரும் எங்கள் ஊருக்குள் கால் வைத்ததாக எனக்கு நினைவில்லை. ஜீப்பில் நின்றபடியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு திருக்கோஷ்டியூர்ப் பக்கம் போய்விடுவார்கள். இந்த லட்சணத்தில் இவர்களுக்காக நாங்கள் சாமி முன்னால் சத்தியம் செய்தோம்! ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே எனக்கு இன்னும் ஓர் ஆள் இருக்கிறார்.

மாமா வேறு கட்சிக்காரர். எத்தனையோ தேர்தல்களாக எங்கள் சாவடியில் அந்தக் கட்சிக்கு ஏஜெண்டாக உட்கார்ந்தவர். ஓட்டுச் சீட்டுக் காலத்தில் எல்லாச் சாவடிச் சீட்டையும் ஒன்றாகக் கலந்து எண்ணினார்கள், எந்த ஊர் எப்படிப் போட்டது என்று ஒருவருக்கும் தெரியாது என்று பெருமூச்சோடு சொல்வார். மிஷின் வந்தபிறகு சாவடி சாவடியாக வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகிறது. ஊர்ப் பெரியவர்கள் அவரிடம், “ஏஜெண்டா உக்காருங்க, வேணாங்கல. ஆனா ஓட்டு ஊரோட இருக்கணும்” என்றார்கள். மனுஷன் தலையை ஆட்டிவிட்டு வந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

ஓட்டு எண்ணும் நாளில் நான் அத்தை வீட்டில்தான் இருந்தேன். வேலை தேடிக்கொண்டிருந்த காலம். என் ஓட்டு மட்டும் காரைக்குடியில். எண்ணும் இடத்திலிருந்து டீக்கடைக்காரருக்குப் போன் வந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். மாமா கட்சிக்கு எங்கள் சாவடியில் ஒன்று. ஒரே ஒன்று. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். “என்ன மாமா, உங்க ஓட்ட நீங்களே போட்டுக்கிட்டீகளா?” என்று யாரோ கேட்டார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. சூடம் ஞாபகம் வந்துவிட்டது போலும். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மாமா மட்டும் பெஞ்சில் இருந்தார்.

வீட்டுக்கு வந்தவர் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சத்தியமா நான் போடலடி. பயந்துக்கிட்டு ஊரோடதேன் போட்டேன்.” அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை எடுக்காமலேயே சொன்னார்: “எனக்குத் தெரியும். நாந்தேன் போட்டேன். பொழுதன்னைக்கும் சாவடியில போயி உக்காந்துருக்கீக. முட்டை விழுந்தா மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைப்பீக?”

“சத்தியம் செஞ்சமேடி!”

“நானா சூடம் அணைச்சேன்? ஆம்பளைகதான அணைச்சீக.”

மாமாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கட்சிக்காக ஓடி ஓடித் தேய்ந்த மனுஷன் தன் ஓட்டைப் பயத்தில் மாற்றிப் போட்டிருக்க, அரசியலே பேசாத அத்தை அவர் மானத்துக்காக ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வந்திருக்கிறார். “இது இந்த அடுப்படியத் தாண்டக் கூடாது” என்றார் மாமா, என்னையும் பார்த்து. மறுநாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, “ஆமா, நாந்தேன் போட்டேன்” என்றார்.

ஊர் அவரைத் தள்ளி வைத்தது. கிடா வெட்டில் பங்கு வரவில்லை. களையெடுக்க ஆள் வரவில்லை. எதிரே வருகிறவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள். மாமா செத்தபோது தூக்கக்கூட ஆளில்லை. காரைக்குடியிலிருந்து நான் வண்டி பிடித்துக்கொண்டு போனேன். நாசமாய்ப் போன கால்வாயை இன்றுவரை யாரும் தூர்வாரவில்லை. அதைப் பற்றிக் கூட்டம் கூட்ட மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மாமா போனபிறகு அத்தையை ஊரில் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது மறுபடி தேர்தல் வந்தது, மறுபடி அதே சத்தியம். பிள்ளையில்லாத வீடு, ஆண் இல்லை என்பதால் இந்தத் தடவை அத்தையையே கூப்பிட்டுச் சூடம் அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு வந்தது. மாமா கட்சிக்கு எங்கள் சாவடியில் ஒன்று.

செய்தி கேட்டதும் போன் போட்டேன். நாளைக்குக் கூட்டமாம், அத்தையை வரச் சொல்லியிருக்கிறார்களாம். வாசலில் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாம்.

“ஏன் அத்தை மறுபடியும் போட்டீக?” என்று கத்திவிட்டேன்.

“நான் போடலத்தா. இந்தத் தடவை சூடம் அணைச்சது என் கையில்ல? ஊரோடதேன் போட்டேன்.”

அப்படியென்றால் யார்? “அதையே கூட்டத்துல சொல்லிருங்க அத்தை.”

“சொன்னா வீடு வீடாத் தேடுவாக. சூடம் அணைக்காத பொம்பளை எவளோ போட்டுருப்பா. நேத்து வாக்கப்பட்டு வந்த புள்ளையாக்கூட இருக்கும். அதப் பிடிச்சாகன்னா வாழ விடுவாகளா? நாந்தேன் போட்டேன்னு சொல்லிப்புடுறேன். நீ வராத தாயி.”