எல்லாப் புள்ளையும் மாதிரி

ஜாக்கெட் தைக்கிறவகிட்ட பொம்பளைங்க அளவு கொடுக்க வர்றதா வெளியில இருக்கிறவங்க நினைச்சிக்கிட்டிருக்காங்க. அவங்க பேச வர்றாங்க, போற போக்குல அளவையும் கொடுத்துட்டுப் போறாங்க. கழுத்துல டேப்பைப் போட்டுக்கிட்டு மிஷின் முன்னால உட்கார்ந்திருக்கிற அக்கா தங்கச்சிங்களே, இதை உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா? குண்டூசியை வாயில கவ்விக்கிட்டு இருக்கிறதால பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லாம தப்பிக்கிறோம். மீதிப் பாதிக்கு மாட்டிக்கிறோம்.

பாகூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கிற தெருவுல எங்க வூட்டு முன் ரூம்தான் என் கடை. பன்னண்டு வருஷமா தைக்கிறேன். வூட்டுக்காரருக்குத் திருபுவனையில ஒரு கம்பெனியில ஷிப்ட்டு வேலை. ஒரே பொண்ணு, யாழினி. அவளுக்கு ஏழு வயசாகிறப்போ வயித்துல கட்டின்னாங்க. ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு கேன்சர்னாங்க. ஆபரேஷன், அதுக்கப்புறம் கீமோன்னு ஒம்பது மாசம் ஆஸ்பத்திரிதான் எங்களுக்கு வூடு. மிஷின் மேல ஒரு பழைய சேலையைப் போத்திட்டுப் போனவ, திரும்பி வந்து எடுத்தப்போ பாபின் துருப்பிடிச்சுக் கிடந்துச்சு.

கடைசி மருந்து ஏறி முடிஞ்ச அன்னிக்கு டாக்டர் சொன்னாரு, "மூணு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேனுக்கு வாங்க. மத்தபடி எல்லாப் புள்ளையும் மாதிரி இருக்கட்டும்." சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டாரு. எல்லாப் புள்ளையும் மாதிரி எப்படி இருக்கிறதுன்னு மருந்துச் சீட்டுல எழுதிக் கொடுக்கல. எனக்கு வேண்டியதும் அது ஒண்ணுதான். என் பொண்ணு ஓடணும், விழணும், தப்பு பண்ணணும், திட்டு வாங்கணும். ஊரு அதுக்கு விடுமான்னு கேளுங்க. ஊரை விடுங்க, நான் விட்டேனான்னு கேளுங்க.

முதல் கஸ்டமர்

ஆஸ்பத்திரியில இருந்து வந்து கடையைத் திரும்பத் திறந்த மொத நாள் ஒரு திங்கக்கிழமை. காலையிலயே பின்தெரு அம்மா ஒருத்தங்க வந்துட்டாங்க. கையில ஒரு ஜாக்கெட் பிட்டு, ஒரு பை நிறைய சாத்துக்குடி, இன்னொரு கையில நல்லா மடிச்ச கர்ச்சீப். அளவு ஜாக்கெட் எங்கம்மான்னு கேட்டா, அதைக் கொண்டாரல. பிட்டை நீட்டிட்டு எனக்குப் பின்னால ஸ்கிரீனை எட்டி எட்டிப் பார்க்கிறாங்க. கர்ச்சீப் ரெடியா மூக்குக்குப் பக்கத்துல வந்து நிக்குது.

அந்த நேரம் பார்த்து யாழினி உள்ளேயிருந்து ஸ்கிப்பிங் கயித்தோட குதிச்சிக்கிட்டே வந்தா. தலையில குட்டி குட்டியா முடி, வாயில முறுக்கு. "ஆண்ட்டி, தள்ளுங்க, கயிறு படும்"னா. அந்த அம்மா மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே! கல்யாணத்துக்கு வந்து பந்தி முடிஞ்சிடுச்சின்னு கேட்டவங்க மாதிரி ஆயிட்டாங்க. கர்ச்சீப்பை இடுப்புல சொருகிக்கிட்டு என்கிட்ட சொன்னாங்க:

"இன்னா டைலரம்மா, புள்ளை நல்லாதான இருக்குது? நான் சோத்தை வடிக்காம கூட அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன்."

வீடியோ வைத்தியம்

ஏம்பலத்துல இருந்து ஒரு அக்கா மாசா மாசம் வருவாங்க. கரும்பு போட்டிருக்கிற குடும்பம், நல்ல மனசு. ஆனா கையில ஒரு போனு. நான் ஆஸ்பத்திரியில இருந்தப்போ, கேன்சருக்கு எது ஆவும் எது ஆவாதுன்னு தினம் பத்து வீடியோ அனுப்பினவங்க. இப்போ நேர்லயே வந்துட்டாங்க, மார்பளவு எடுத்துக்கிட்டிருக்கேன், டேப்பு பிடிக்கக் கையைத் தூக்கினபடியே ஆரம்பிச்சிட்டாங்க. சர்க்கரை ஆவாது. மைதா ஆவவே ஆவாது. பால் விஷம். கறி கூடாது, முட்டை கூடாது. அரிசியைக் கொஞ்சம் யோசிக்கணும்.

யாழினி அப்போ மூலையில உட்கார்ந்து, அவ அப்பா வாங்கியாந்த பரோட்டாவைச் சால்னாவுல முக்கி அடிச்சிக்கிட்டிருந்தா. ஆஸ்பத்திரியில ஒரு வாய் இட்லி உள்ள போறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவ சாப்பிடறதைப் பார்த்தாலே எனக்கு வயிறு ரொம்புது. அந்த அக்காவோ கண்ணை மூடிக்கிட்டாங்க. பொறுக்காம நான் கேட்டேன், "எல்லாம் சரிக்கா, அப்ப புள்ளைக்கு இன்னாதான் கொடுக்கிறது?" அவங்க கையைக் கீழே இறக்காமலே சொன்னாங்க:

"அது ரெண்டாவது பார்ட்ல சொல்றாராம், இன்னும் போடல."

முடி கொடுத்த இடம்

வெளியூர் கஸ்டமருங்க வேற ரகம். விஷயம் தெரியாது, அதனால ஒரு விதத்துல நிம்மதி. கடலூர் பக்கமிருந்து உறவு வூட்டுக்கு வந்த ஒரு அம்மா, அவசரமா ஃபால்ஸ் வைக்கணும்னு சேலையோட வந்தாங்க. யாழினி தலையைத் தடவிப் பார்த்துட்டு, "எந்தக் கோயிலுக்கும்மா வேண்டுதல், எங்க முடி கொடுத்தீங்க?"ன்னாங்க. நான் ஊசியில நூலைக் கோர்க்கிற மாதிரி குனிஞ்சிக்கிட்டேன். நூல் ஏற்கெனவே கோர்த்துதான் இருந்துச்சு.

என் பொண்ணு கொஞ்சமும் யோசிக்கல. "சாமிக்கு இல்ல ஆண்ட்டி, டாக்டருக்கு"ன்னா. அந்த அம்மா சேலையை என் மடியில போட்டுட்டு, கன்னத்துல கை வச்சிக்கிட்டாங்க:

"டாக்டருங்களும் முடி கேக்க ஆரம்பிச்சிட்டாங்களா? இன்னும் இன்னாத்ததான் புடுங்கப் போறாங்களோ!"

அன்னிக்கு ராத்திரிச் சோறு சாப்பிடற வரைக்கும் நானும் யாழினியும் சிரிச்சோம்.

தப்புக்கு ரைட்டு

ஸ்கூலுக்கு அனுப்பினேன். வாசல்ல விட்டுட்டு வந்தவ, பாதி வழியில சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போய் காம்பவுண்டு மேல எட்டிப் பார்த்தேன். வாட்ச்மேன் துரத்தினாரு. சரி, அதை விடுங்க.

பத்து நாள் கழிச்சு யாழினி கணக்கு நோட்டை என் மிஷின் மேல விசிறியடிச்சா. ஏழும் எட்டும் பதினாலுன்னு எழுதியிருக்கா, பக்கத்துல பெரிய ரைட்டு, ஒரு ஸ்டாரு. "அம்மா, பக்கத்துல இருக்கிற காவியாவும் அதேதான் எழுதினா, அவளுக்கு மட்டும் தப்பு போட்டாங்க. என்னை ஃபேனுக்குக் கீழ தனியா சேர்ல உட்கார வச்சிருக்காங்க. பி.டி. பீரியடுல எல்லாரோட வாட்டர் பாட்டிலுக்கும் நான்தான் காவல்." சொல்றப்போவே அழுதுட்டா. ஊசி குத்தினப்போ அழாத புள்ளை, ஸ்டாரு வாங்கினதுக்கு அழுவுது.

அந்த மிஸ்ஸும் நம்ம கஸ்டமர்தான். ஜாக்கெட் வாங்க வந்தப்போ, "மிஸ், கையெடுத்துக் கும்பிடறேன், தப்புன்னா தப்பு போடுங்க, விளையாட விடுங்க"ன்னு கேட்டேன். நல்லவங்க அவங்க, கெட்ட எண்ணமே கிடையாது, அதுதான் கஷ்டம். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னு, பேரம் பேசற மாதிரி கேட்டாங்க:

"எனக்கு மனசு வரலைங்க. பரீட்சையில மட்டும் தப்பு போட்டா போதுமா?"

ஒரே பக்கத்துக் கை

ஊரைச் சொல்லிட்டேன், இப்போ என் கதையைக் கேளுங்க. கடைக்குள்ள வர்றவங்க எல்லாருக்கும் கையில சானிடைசர் ஊத்தினேன். யாராவது தும்மினா அளவு பாதியில நிக்கும், அவங்க வாசலுக்கு வெளியில நிப்பாங்க. ஒரு தையல் அடிக்கிறது, எழுந்து போய் யாழினி நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறது, வந்து ஒரு தையல் அடிக்கிறது. "அம்மா, நான் கார்ட்டூன் பார்க்கிறேன், உன் கை மறைக்குது"ம்பா அவ. வூட்டுக்காரர் ஒரு நாள் இதைப் பார்த்துட்டு, "நீ ஜாக்கெட் தைக்கிறியா, இல்ல ஐ.சி.யூ. நடத்துறியா?"ன்னாரு. அவரு மட்டும் என்னவாம்? கம்பெனியில இருந்து மணிக்கு ஒரு போன், "சாப்பிட்டாளா"ன்னு.

இந்த லட்சணத்துல தைச்சா துணி எப்படி வரும்? பாகூர் ஏரிக்கரைப் பக்கம் நிலம் வச்சிருக்கிற ஒரு அக்கா, தன் தம்பி கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தாங்க. ரெண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டித் தைச்சிட்டேன். தையல் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், முன்பக்கக் குடைவும் பின்பக்கக் குடைவும் வேற வேற. அவங்க போட்டுப் பார்க்கிறாங்க, வலது கை தூக்கினா ஜாக்கெட்டே மேல ஏறுது. எனக்குப் பதறிப் போச்சு. பழைய காலமா இருந்தா அந்த அக்கா தெருவைக் கூட்டியிருப்பாங்க. நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, பிரிச்சித் தைச்சிக் கொடுத்து, ரெண்டு பேரும் சாயங்காலம் டீ குடிச்சிருப்போம். இப்போ அவங்க என் மூஞ்சியைப் பார்த்தாங்க, யாழினியைப் பார்த்தாங்க, ஒரு பெருமூச்சு விட்டாங்க. எவ்வளவு கெஞ்சியும் கழட்டிக் கொடுக்கலையே!

"பரவால்ல வுடு டைலரம்மா, உனக்கு இருக்கிற கஷ்டத்துல இது ஒண்ணா? கல்யாணத்துல ஒரு கையைத் தூக்காம இருந்துட்டுப் போறேன்."

ராஜாத்தி அக்கா

ராஜாத்தி அக்கா நாலு வூடு தள்ளி இருக்காங்க. நடவு, களை, நூறு நாள் வேலை, எதுன்னாலும் போவாங்க. வாயைத் திறந்தா தெரு காதைப் பொத்திக்கும். ஒம்பது மாசத்துல எங்களைப் பார்க்க ஒரு நாள் வரல, ஒரு வார்த்தை கேட்கல. மனசுக்குள்ள எனக்கு அவங்க மேல ஒரு காந்தல் இருந்துச்சு. மறைக்க மாட்டேன்.

ஸ்கூல் திறக்கிற சமயம். எங்க தொழில்ல யூனிபார்ம் சீசன்னா தீபாவளி மாதிரி. புள்ளைங்களுக்குத் தைக்கிறப்போ எல்லா அம்மாவும் சொல்ற ஒரே வார்த்தை, "ரெண்டு இஞ்சு விட்டுத் தைங்க, வளர்ற புள்ளை." ஸ்கர்ட்டுக்குக் கீழே அந்த ரெண்டு இஞ்சை உள்ளே மடிச்சி அடிச்சிடுவோம். அடுத்த வருஷம் பிரிச்சி விட்டா அதே ஸ்கர்ட்டு முட்டிக்குக் கீழ வந்துடும். அந்த சீசன்ல அப்படி முப்பது நாப்பது தைச்சிருப்பேன். கடைசியா யாழினிக்கும் மூணாம் கிளாசுக்குத் தைச்சேன். அடுத்த வாரம் அவளுக்கு ஸ்கேன்.

ராஜாத்தி அக்கா தன் பொண்ணு யூனிபார்மை வாங்க வந்தாங்க. யாழினி புது ஸ்கர்ட்டைப் போட்டுக்கிட்டுச் சுத்திச் சுத்திக் காட்டினா. அக்கா அவ ஸ்கர்ட்டு ஓரத்தைப் புடிச்சி உள்பக்கம் திருப்பிப் பார்த்தாங்க. மடிப்பு இல்ல. ஒட்ட வெட்டி, ஒட்ட அடிச்சிருந்தேன். துணி பத்தலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். துணி பத்தாம இல்ல. வெட்டறப்போ 'அடுத்த வருஷம்'னு நினைக்கவே எனக்குப் பயமா இருந்துச்சு. நினைச்சது யாரு காதுலயாவது விழுந்து கண்ணு பட்டுடுமோன்னு பயம். கத்தரிக்கோல் தானா அந்த ரெண்டு இஞ்சுக்கு முன்னாலயே போயிடுச்சு.

"இன்னாடி இது?"ன்னு கத்தினாங்க பாருங்க, தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் மடிச்சி வுட்டுத் தைக்கிற, பெத்த புள்ளைக்கு இப்படியா வெட்டுவ? ஏன், இவ வளர மாட்டாளா? அடுத்த வருசம் முட்டி தெரிய போவட்டும்னு இருக்கியா? தொழில் தெரியுமாடி உனக்கு?"

கடையில இருந்த ரெண்டு கஸ்டமரும், "ஐயோ, அந்தப் பொண்ணு பட்ட பாட்டுக்கு..."ன்னு அவங்களை அடக்கப் பார்த்தாங்க. எனக்கோ ஆஸ்பத்திரியில அடக்கி வச்சிருந்த அழுகையெல்லாம் மிஷின் மேலயே கொட்டிடுச்சு. யாழினிக்கு ஒண்ணும் புரியல. "அக்கா, நீங்கதான் அம்மாவ அழ வச்சீங்க"ன்னா. "உங்கம்மா தப்பா தைச்சா திட்டத்தான் செய்வேன், நீ தள்ளுடி, என் பொண்ணு ஸ்கர்ட்டை மிதிக்கிற!"ன்னு அவளுக்கும் ஒண்ணு விழுந்துச்சு. என் பொண்ணு அந்த ஒம்பது மாசத்துக்கப்புறம் வெளி ஆள்கிட்ட வாங்கின மொத திட்டு. அவ மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சு.

மறுநாளே புதுத் துணி எடுத்தேன். ஸ்கேனுக்கு இன்னும் நாலு நாள் இருந்துச்சு, நான் காத்திருக்கல. வெட்டினேன், மடிச்சேன், அடிச்சேன். வழியில போன ராஜாத்தி அக்காவைக் கூப்பிட்டு மடிப்பைக் காட்டினேன். அவங்க விரலால அளந்து பார்த்தாங்க, திரும்பவும் அளந்தாங்க:

"நாலு இஞ்சா? பேராசை புடிச்சவளே, இவ்ளோ கனத்துக்கு இடுப்புல நிக்குமாடி அது?"

பன்னண்டு வருஷத் தொழில்ல, தைச்சது சரியில்லன்னு ரெண்டு தரம் திட்டி, ரெண்டு தரமும் நான் டீ போட்டுக் கொடுத்த கஸ்டமர் ராஜாத்தி அக்கா ஒருத்தங்கதான்.