மாத்திரைக்குப் பூக் கேட்டோம்

என் அம்மாவின் கால் எரிந்தது. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

புண் இல்லை. வீக்கம் இல்லை. தொட்டால் ஜில்லென்று இருக்கும். ஆனால் அம்மாவுக்கு அது சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நிற்பதுபோல் எரிந்தது. மார்பில் வந்த புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, கீமோ ஊசிகளும் முடிந்து, கட்டி போய்விட்டது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு வந்த எரிச்சல் இது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்கள் பெருமூச்சு விட்ட அந்த ஆடி மாதத்தில்தான் தொடங்கியது.

அன்பான பக்தர்களே, நம் மாரியம்மனை நம்பி நிற்கும் உங்களிடம் இதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்கே பொறுமை கிடையாது. அது தனிக் கதை.

மல்லசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். கொஞ்சம் மரவள்ளிக் காடு, ஒரு எருமை. அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். போர் போட வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். நான் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வீட்டில் அம்மாவும் மகள் நானும்தான்.

நான் எதையும் உடனே செய்துவிட வேண்டும் என்கிற ஆள். அம்மாவுக்குக் கால் எரிகிறது என்றதும் போனில் தேடாத பக்கமில்லை. முடக்கத்தான் ரசம் வைத்தேன். வேப்பெண்ணெய் தேய்த்தேன். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தேன். செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துக்கொண்டேன். மாரியம்மன் முன்னால் நின்று, தாயே, இந்த வாரத்துக்குள் சரி பண்ணிவிடு என்று தவணை சொல்லியே வேண்டினேன். வாரங்கள்தான் போயின.

அம்மா ஈரச் சாக்கில் காலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். விரல் நுனிகள் மரத்துப் போனதால் எருமை மடியைப் பிடித்துக் கறக்க முடியவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் வந்து கறந்து கொடுத்தார். அதற்கும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே இருப்பாள். டிவியைப் போட்டாலும் ஒன்று, அணைத்தாலும் ஒன்று. இத்தனைக்கும் சந்தையில் கத்திரிக்காய்க்காரரை ஒரு வார்த்தையில் மடக்குகிறவள் என் அம்மா. அடுத்த பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி கூப்பிட்ட நாளில் வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டாள்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம். விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அம்மா சொன்னாள்.

“எனக்கு ஒண்ணு வேண்டிக்குவியா சாமி?”

எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். சந்தோஷமாகத் திரும்பினேன். அம்மா எதையாவது கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

“என்னயக் கூட்டிக்கச் சொல்லி ஆத்தாகிட்டக் கேளு. உனக்கும் சிரமம், எனக்கும் சிரமம்.”

கையில் தீக்குச்சி எரிந்து விரலைச் சுட்டது. குச்சியைப் போட்டுவிட்டு விளக்குப் பக்கமே திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு நான் வேண்டியது ஒன்றே ஒன்று. தாயே, எங்கம்மா கேட்டதைக் கொடுத்துவிடாதே.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். துணைக்குப் பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா. தங்கச்சிக்காக எதையும் செய்வாள், எதிலும் தலையிடுவாள். ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனி டாக்டர் இருக்கிறார் என்று நர்ஸ் ஒருவர் சொல்லி அங்கே அனுப்பினார்.

அந்த டாக்டர் அம்மாவின் பாதத்தில் பஞ்சால் தடவினார், குச்சியால் தொட்டார். பையிலிருந்த பழைய மாத்திரைகளையெல்லாம் மேசையில் கொட்டச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சாதாரணமாக, காபி குடிச்சீங்களா என்று கேட்பதுபோல் கேட்டார். “உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாம்மா?”

அம்மா அழுதாள். வியாதி வந்த நாளிலிருந்து அப்போதுதான் அழுதாள்.

கீமோ மருந்தில் நரம்பு நொந்துபோய்விட்டது என்று டாக்டர் விளக்கினார். அந்த மருந்து சிலருக்கு இப்படிச் செய்யுமாம். ஒரு மாத்திரை எழுதினார். “இது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரைதாம்மா. உங்ககிட்ட மறைக்கல. ஆனா இது நரம்பு எரிச்சலையும் தணிக்கும். உங்களுக்கு ரெண்டுமே இருக்கு. நீங்க சாப்பிடற மத்த மாத்திரைக்கு இடைஞ்சல் இல்லாததாப் பாத்துத்தான் எழுதியிருக்கேன். உடனே கேட்காது, சில வாரம் ஆகும். நீங்களா நிறுத்தக் கூடாது.” இது எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்கும் என்று சொல்ல முடியாது, எரிச்சல் முழுசாகப் போகாமலும் இருக்கலாம் என்றும் சொன்னார். சாக வேண்டும் என்கிற எண்ணம் அதிகமானால் அந்த நிமிடமே கூட்டி வா என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மருந்துக் கடை வரைக்கும். அங்கே சீட்டைப் பார்த்த பையன் பக்கத்திலிருந்தவரிடம், மனநோய் மாத்திரை எந்த அலமாரியில் இருக்கு என்று கேட்டான். பெரியம்மா காதில் விழுந்தது.

பஸ்ஸில் அவள் வாயை மூடவில்லை. “கால் எரியுதுன்னு போனா பைத்தியத்துக்கு மாத்திரை குடுக்கறாங்களா? நாளைக்கு இந்த அம்மிணியப் பொண்ணுக் கேட்டு வர்றவங்க, பெத்தவளுக்குப் புத்தி சரியில்லையாமேன்னு கேட்டா என்ன சொல்றது?”

நான் நரம்பு, ரசாயனம் என்று படித்ததையெல்லாம் சொன்னேன். பாடம் எடுத்த மாதிரிதான் இருந்திருக்கும். பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையைப் பிரிக்காமல் சாமி அலமாரியில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று தலையாட்டுவாள். அப்பா போனில் பேசிப் பார்த்தார். டாக்டர் சொன்னதைக் கேளு என்றார். அம்மா போனை என்னிடம் நீட்டிவிட்டாள்.

நான் களைத்துவிட்டேன். பள்ளி, சமையல், எருமை, ஈரச் சாக்கு. விடிந்தால் மறுபடி அதே. பேசக்கூடத் தெம்பில்லை.

கடைசியில் பெரியம்மாதான் சொன்னாள், ஆத்தாகிட்டப் பூக் கேட்டுரலாம் என்று. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் கிணறு வெட்டுவதற்கோ கல்யாணம் பேசுவதற்கோ முன்னால் பூக் கேட்போம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வாழையிலையில் மடித்து நாரால் கட்டி, குலுக்கி அம்மன் பாதத்தில் வைப்பார் பூசாரி. கேட்கிறவர்கள் மனசுக்குள் கேட்டுக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு கொடுத்துவிட்டாள். சிவப்பு வந்தால் இல்லை. என்ன கேட்டோம் என்பதை எங்கள் கோயிலில் வாய்விட்டுச் சொல்லும் வழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். மூவரும் வரிசையாக நின்று கண்ணை மூடினோம். அம்மாவே ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மரத்துப் போன விரலுக்கு நார் முடிச்சு தட்டுப்படவில்லை. நான் வாங்கிப் பிரித்தேன்.

வெள்ளை.

பூசாரி திருநீறு கொடுத்தார். மூவருக்கும் முகம் மலர்ந்திருந்தது. வெளியே வந்து செருப்பைத் தேடும்போது பெரியம்மா பெருமையாகச் சொன்னாள். “பாத்தியா, ஆத்தாளே சொல்லிப்போட்டா. ஊட்டுக்குப் போனதும் அந்த மாத்திரையத் தூக்கி வீசிரு.”

என்ன கேட்டீங்க பெரியம்மா என்றேன்.

“வேற என்ன கேப்பாங்க? அந்தக் கருமத்தத் தூக்கிப் போட்டறலாமா தாயேன்னுதான்.”

அம்மா குனிந்து செருப்புக்குள் காலை மெல்ல நுழைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். “நான், முழுங்கட்டுமா தாயேன்னு கேட்டேனக்கா.”

பெரியம்மா அப்படியே நின்றாள். “அதெப்படி? ஒரே பூவு ரெண்டு உத்தரவு சொல்லுமா?”

“நோவு எனக்கு. பூ எடுத்ததும் என்ற கை. எனக்குச் சொன்னது எனக்கு.” அம்மா நிமிர்ந்தாள். “உனக்கும் சொன்னாள்னா, உன்ற சுகர் மாத்திரைய வேணா வீசிக்க.”

நான் சிரித்துவிட்டேன். பெரியம்மா முறைத்தாள். அவளுக்கும் உதடு துடித்தது. பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இத்தனை மாதத்தில் அம்மா ஒருத்தரை மடக்கிப் பேசியதே அன்றைக்குத்தான். அதை நான் இன்றுவரை அம்மன் பேசிய பேச்சாகத்தான் நினைக்கிறேன். சாகக் கேட்டவள், முழுங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். எனக்கு அந்தக் கேள்வியே போதும். (பெரியம்மா தன் சுகர் மாத்திரையை அன்றைக்கும் தவறாமல் போட்டுக்கொண்டாள்.)

வீட்டுக்கு வந்து, தீர்த்தம் வாங்குவதுபோல் வலது கையைக் குவித்து மாத்திரையை வாங்கினாள் அம்மா. இன்றும் அப்படித்தான் வாங்குகிறாள்.

உடனே குணமாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. முதலில் குமட்டியது. நாக்கு வறண்டது. பகலெல்லாம் தூங்கினாள். நான் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஆரம்பத்தில் அப்படி இருக்கும், சாப்பாட்டோடு கொடுங்கள், பொறுங்கள் என்றார்கள். பிறகு டாக்டரே அளவைக் கொஞ்சம் கூட்டினார். பொறுப்பதுதான் எனக்கு வராத வேலை. விளக்கு முன்னால் போய் உட்காருவேன். தவணை சொல்ல வாய் வராது. சும்மா இருந்துவிட்டு எழுந்துவிடுவேன்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒருநாள், நான் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட வைக்கவில்லை. அம்மா கேட்டாள்.

“எருமைக்குத் தண்ணி காட்டுனியா?”

இவ்வளவுதான். யாருக்கும் இது அற்புதமாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஈரச் சாக்கு மூலையில் காய்ந்து கிடந்தது. எரிச்சல் எப்படியிருக்கு என்று கேட்டேன். “இருக்குது. முன்ன நெருப்பு. இப்ப எறும்பு ஊர்ற மாதிரி” என்றாள். பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“நான் வேண்டிக்கச் சொன்னனே, வேண்டிக்கிட்டியா?”

“இல்லீங்மா.”

“செரி. விட்டுரு.”

பரிசோதனைக்குப் போய்வந்தோம். கட்டி திரும்பவில்லை. விரலில் மரப்பு கொஞ்சம் இருக்கிறது. மழை நாளில் கால் இன்னும் எரிகிறது. எருமையைப் பாதி அம்மா கறக்கிறாள், மீதி நான் கற்றுக்கொண்டேன். மாத்திரை தொடர்கிறது. எப்போது குறைப்பது என்று டாக்டர் சொல்வார். யாராவது கேட்டால் அம்மா ஒளிப்பதில்லை. மனசுக்கும் காலுக்கும் சேர்த்து ஆத்தா உத்தரவு குடுத்த மாத்திரை என்கிறாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம். வியாதி போய்விட்டதே, இன்னும் என்ன என்று அதட்டாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வலியைச் சொல்வதுபோல் மனசையும் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையின் பேரைக் கேட்டு வெட்கப்படாதீர்கள். வேண்டிக்கொண்டதற்குப் பதில் மருந்துக் கடை வழியாகவும் வரும்.

நான் என்ன கேட்டேன் என்று பெரியம்மா பிறகு ஒருநாள் விசாரித்தாள். அன்று பூ எடுக்கும்போது மூவரும் கண்ணை மூடி நின்றோமே. பெரியம்மா ஒன்று கேட்டாள், அம்மா ஒன்று கேட்டாள். நான் எதுவுமே கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை. தாயே என்றுகூடச் சொல்லவில்லை. வெறுமனே நின்றிருந்தேன்.

அதையும் அம்மன் கேட்டுக்கொண்டாள். வேண்டுவதற்கும் முடியாமல் ஓய்ந்துபோனவர்கள் இதைப் படித்தால், போய்ச் சும்மா நில்லுங்கள். அவள் பார்த்துக்கொள்வாள்.