வெர்னாவின் காலடியில் ஒரு கதவு

தேவாலயத்துக்குப் போகும்போதுகூட ஹாய்ட் லெட்பெட்டருக்குக் கை சும்மா இருக்காது. காரின் தரையில் கிடக்கும் ஒரு சங்கிலியைச் சுண்டுவான். பக்கத்து இருக்கையில் மனைவி வெர்னாவின் காலடியில் சின்னத் தகரக் கதவு திறந்துகொள்ளும். கரோலினாவின் செம்மண் புழுதி முழுக்க அவளுடைய ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் ஏறும். "டயரப் பாத்தேன், புள்ள" என்பான், பெரிய காரியம் செய்தவன் மாதிரி.

வாரமெல்லாம் மாட்டுத் தீவனம் சுமக்கும் அதே பழைய ஃபோர்டுதான் சனிக்கிழமை பந்தயக் கார். அவள் இருக்கையைக் கழற்றிவிட்டு, கார்க் கதவை இடுப்பு பெல்ட்டால் கட்டிக்கொண்டு ஓட்டுவான். வளைவுகளில் வலப்பக்க முன் டயர்தான் முதலில் தேயும். ரப்பர் போய் வெள்ளை நூல் தெரிந்தால் வெடிக்கப் போகிறது என்று அர்த்தம். அதைப் பார்க்கத்தான் அந்தக் காலடிக் கதவு. ஒழுங்காகப் பார்ப்பான், பார்த்துவிட்டு நிறுத்துவதுதான் கிடையாது. போன வருஷம் வேலியை உடைத்துக்கொண்டு உருண்டதும் அப்படித்தான்.

அவனுக்குப் பயமெல்லாம் வேர்க்கடலையிடம். தோலோடு ஒரு கடலை பந்தயக் காருக்குள் வந்தால் எழவு விழும் என்று நம்புகிற பந்தயக்காரர் கூட்டம் அது. அவித்த கடலைக்கு உயிரை விடும் வெர்னா, இந்தக் காரில் ஒன்றைக்கூட உரித்ததில்லை.

"வெள்ள தெரிஞ்சா உள்ள வந்துடு. இன்னொரு தடவ ஆஸ்பத்திரியில உன் பக்கத்துல உக்கார என்னால ஆகாது" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

இந்தச் சனிக்கிழமை பந்தயம் முடியும் தறுவாயில் அவன்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தான். வேலியோரம் நின்ற வெர்னா, அவன் தலை குனிந்து நிமிர்வதைக் கண்டாள். கதவு வழியே டயரைப் பார்க்கிறான். கார் வளைவுக்குப் போகவில்லை; வேகம் குறைந்து, பாதையை விட்டு உள்ளே டயர் மாற்றும் இடத்துக்கு வந்து நின்றது. கூட்டம் ஊளையிட்டது. கார் பழுது பார்க்கும் அவள் தம்பி க்ளீட், ஸ்பானரைத் தூக்கி எறிந்தான்.

"கையில இருந்த பந்தயம், மாமா. எதுக்கு வந்தீங்க?"

"வெள்ள தெரிஞ்சுது."

"அது எப்பவும் தெரியறதுதானே?"

"இன்னிக்குத்தான்டா பாத்தேன்."

வெர்னா அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்றிருந்தது. சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

டயரை மாற்றி, அவள் இருக்கையைத் திரும்பப் பூட்டி, வீட்டுக்குக் கிளம்பினார்கள். சாலையோரம் கடலை அவிக்கும் கொப்பரையைக் கண்டதும் ஹாய்ட் நிறுத்தினான். ஈரக் காகிதப் பை அவள் மடியில் சுடச்சுட வந்து விழுந்தது. அவள் அதன் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கார்லயா? அடுத்த வாரம் இதத்தானே ஓட்டணும்?"

 ஹாய்ட் அவள் விரல்களை விலக்கி ஒரு கடலையை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டான். பிறகு சங்கிலியை இழுத்து, தோலை அவள் காலடிக் கதவு வழியே சாலையில் போட்டான்.