கடல் இல்லாத ஊரில் கடல் நாள்

என் கணவர் வளைகுடாவில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். ஊரே புதுத்துணி உடுத்தும் நாள்களில்தான் அங்கே கூட்டம் நெரியும். அதனால் பெருநாளுக்கு லீவு கேட்பதே வீண். கல்யாணமான பிறகு வந்த முதல் பெருநாளில் கடையில் நின்றபடியே வீடியோ காலில் வந்தார். மருதாணிக் கையை ஃபோனுக்கு முன்னால் விரித்துக் காட்டினேன். அதற்குள் யாரோ பேரீச்சம்பழம் எங்கே என்று கேட்க, பாதியில் ஓடிப்போனார்.

எங்கள் ஊரான லெப்பைக்குடிக்காட்டில் இது பெரிய சங்கதி இல்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் ஃபோனுக்குள்தான் இருக்கிறார்கள். ஆனாலும் அன்றைக்கு பிரியாணி எனக்கு இறங்கவில்லை.

பிறகொரு நாள் காலையில் ஒரு படம் அனுப்பினார். அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. ஒன்றில் நீல சாக்ஸ், மற்றதில் மஞ்சள் சாக்ஸ். உடனே கூப்பிட்டேன்.

"என்னங்க, அவசரத்துல மாத்திப் போட்டுட்டீங்களா?"

"இல்ல புள்ள. இன்னிக்கு ஜோடி சேராத சாக்ஸ் போடுற நாளாம். கூட வேலை பாக்குற பிலிப்பைன்ஸ்காரர் சொன்னாரு. எங்கெங்கயோ கொண்டாடுறாங்களாம்."

"லீவு உண்டா?"

"லீவெல்லாம் கெடையாது. அதான் நமக்குத் தோதான நாளு."

அன்று நான் ஒரு காலில் என் செருப்பும் மறுகாலில் அவர் விட்டுப்போன செருப்புமாக வீட்டுக்குள் நடந்தேன். மாமி, அதாவது அவருடைய அம்மா, பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒண்ணு தொலைஞ்சு போச்சா?" என்றார்.

"இல்ல மாமி, இன்னிக்கு அப்படி ஒரு நாளு."

"என்ன நாளோ போ" என்று உள்ளே போய்விட்டார்.

அதிலிருந்து அது ஒரு பழக்கமாயிற்று. செடியோடு பேசும் நாளில் நான் முருங்கையிடம் நலம் விசாரித்தேன். அவர் கடையின் காய்கறிப் பகுதியில் கொத்தமல்லிக் கட்டிடம் யாருக்கும் கேட்காமல் பேசியதாகச் சொன்னார். ஃபோனில் தேடியும் இப்படி எந்த நாளும் சிக்காதபோது நாங்களே ஒன்றை உண்டாக்கினோம். ஒருமுறை மாமியும் வந்து உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு சொல்லவா? இன்னிக்கு என்ன சமைக்கிறதுன்னு யாரும் என்கிட்ட கேக்காத நாளு."

அன்று கடைப் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம். மாமி மத்தியானம் நன்றாகத் தூங்கினார்.

மேகம் பார்க்கும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அவருக்கு அன்று ஓய்வு.

"இங்க மேகமே இல்ல புள்ள. வானம் வெளுத்துக் கெடக்கு. நம்மூரு மேகத்தக் காட்டேன்."

மொட்டை மாடியில் பாயை விரித்து, ஃபோனைச் சுவரில் சாய்த்து வானம் பார்க்க வைத்துவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டேன். வெள்ளாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. லாரி மாதிரி வந்த ஒரு மேகம் ஆடாகி, கால்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து, கடைசியில் வெறும் வெண்மையாகப் போயிற்று. பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்து ஓய்ந்தபோது ஃபோனிலிருந்து சீரான மூச்சு கேட்டது. தூங்கியிருந்தார். எனக்கு இணைப்பைத் துண்டிக்க மனம் வரவில்லை. சார்ஜ் தீரும்வரை அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். நாங்கள் இருவரும் ஒரே பாயில் எங்கேயோ மிதந்து போவதுபோல இருந்தது.

அவருக்கு லீவு கிடைத்தபோது பெருநாள் எதுவும் அருகில் இல்லை. வந்து சில நாள் கழித்து, "கடலுக்குப் போவோம்" என்றார். அங்கே கடலோரத்தில்தான் வேலை. ஆனால் அதைக் கம்பெனி பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். எங்களுக்குக் கடல் என்றால் நாகூர்; அவ்வளவு தூரம் காரில் உட்கார்ந்து போக மாமியின் முட்டி இடம்கொடுக்காது.

"அப்ப சாத்தனூர் கல்மரத்துக்குப் போவோம். ஒரு காலத்துல அங்க கடலுதான இருந்துச்சு. கொஞ்சம் பழைய கடலு, அவ்வளவுதான்" என்றேன்.

ஒரு வாடகை காரில் பெரம்பலூர் தாண்டிப் போனோம். கல்லாகிப்போன மரம் வேலிக்குள் படுத்திருந்தது. சுற்றிலும் வெயில், ஆளரவம் இல்லை. அவர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வெறும் தரையில் மெதுவாக, தண்ணீரைத் தள்ளுவதுபோல நடந்தார். நானும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்றார் மாமி.

"எறங்கி வாம்மா. கணுக்கால் அளவுதான்."

மாமி சுற்றுமுற்றும் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். சேலையைக் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு வேலியோர வேம்பின் நிழல் விழுந்திருந்த தரையில் காலை வைத்துக் கண்களை மூடி நின்றார். காற்று அவர் முக்காட்டை அலைத்தது.

"ஜில்லுன்னுதான் இருக்கு" என்றார்.

பிறகு பையிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்தார். தேங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல். காலையில் எங்களுக்குத் தெரியாமல் செய்திருக்கிறார். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி ஆளுக்கொன்று கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே மகனிடம் சொன்னார்:

"உங்க அத்தாவும் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னுதான் சொன்னாரு. லீவுல வந்தப்பல்லாம் யாரு வூட்டுலயாவது கல்யாணம். அப்படியே போயிடுச்சு."

என் மாமனாரும் வெளிநாட்டில் வேலை பார்த்தவர்; இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அவர்களுக்குள் இப்படி ஒரு பேச்சு இருந்ததென்று எங்களுக்குத் தெரியாது. இவர் அம்மாவின் கையிலிருந்த காகிதத்தில் தன் சுண்டலில் பாதியைக் கொட்டினார்.

திரும்பும்போது மாமி காரின் முன் இருக்கையில் உட்கார்ந்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடந்தது.

"நீ இன்னொரு வாரம் இருப்பேல்ல?" என்று கேட்டார்.

"இருப்பேம்மா."

"அப்ப நாகூருக்கே போயிட்டு வந்துருவோம். வழியில ரெண்டு எடத்துல நிப்பாட்டச் சொல்லு. நான் எறங்கி நடந்துக்கிறேன்."