படுக்கையறைக்குள் ஒரு பாறை

போன ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனோம். மலைச்சரிவில் ஒரு ஆர்க்கிடெக்ட் தனக்கென்றே பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. மகளோடு இருக்க வெளிநாடு போகிறாராம், அதனால் விற்கிறார். விளம்பரத்தை அனுப்பியவன் என் மகன். எனக்குப் பிடித்தால் போதும், லோனை அவன் பார்த்துக்கொள்வானாம்.

எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? லிங்கராஜபுரத்தில் எங்கள் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு பாத்ரூம் சுவர். இருபது வருஷமாக அதுதான் என் வியூ. அதற்கு முன் கோலார் தங்கவயலில், சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீடு… அங்கே காற்று வந்தாலே பெரிய விஷயம்.

வீடா அது! ஹால் முழுக்கக் கண்ணாடி. கீழே திராட்சைத் தோட்டம், ஒரு ஏரி, அதற்கப்பால் மடிப்பு மடிப்பாக மலை. நின்றவள் நின்றவள்தான். சாகும்வரை இங்கேயே நின்று காபி குடிக்கலாம் போலிருந்தது.

திரும்பினால் என் வீட்டுக்காரரைக் காணோம்.

படுக்கையறையில் இருந்தார். அந்த அறையின் பின்சுவரும் பாதிக் கூரையும் நிஜப் பாறை. மலையை அப்படியே விட்டு அறையைக் கட்டியிருந்தார் ஆர்க்கிடெக்ட். வீட்டின் பெருமையே அதுதானாம். இவரோ தலையைச் சாய்த்துக்கொண்டு, குடைக் காம்பால் பாறையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இருபத்தைந்து வருஷம் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த மனுஷர். அங்கே வேலையில் கை வைக்கும் முன் கம்பியால் பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் கெட்டி. பொத்தென்றால் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது, அடியில் நிற்கக் கூடாது. சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் பழக்கம் போகவில்லை. கல்யாண மண்டபத் தூணைக்கூடத் தட்டுவார், மானம் போகும்! ஒரே வேலையில் ஊறியவர்களோடு வீடு பார்க்கப் போகாதீர்கள். டெய்லர் திரைச்சீலையைத்தான் பார்ப்பார், பஸ் கண்டக்டர் படிக்கட்டைத்தான் பார்ப்பார்.

கட்டிலுக்கு நேர் மேலே தட்டியபோது சத்தம் மாறியது. எனக்கே கேட்டது. இன்ஜினியர் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் ஆகாது என்று ஆர்க்கிடெக்ட் கன்னடத்தில் சமாதானம் சொன்னார். இவரும் கன்னடத்திலேயே, யார் வாங்கினாலும் அந்தப் பாறைத் துண்டை ஆள் வைத்து எடுத்துவிடுங்கள் என்று தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

டாக்ஸியில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு கோபம். வீடு பார்க்கக் கூப்பிட்டால் பாறை பார்க்கிறவரிடம் என்ன பேசுவது?

ஹெப்பால் தாண்டியதும் அவரே ஆரம்பித்தார்.

"வாங்கிடலாம். உனக்கு அவ்ளோ புடிச்சிருக்கே. நீ ஹால்ல கட்டில் போட்டுக்கோ, வெளிய பாத்துக்கினு படு. உள் ரூம்ல நான் படுத்துக்கறேன். அந்தத் துண்டை எடுத்தாலும், பாறை சத்தத்த யாராவது கேட்டுக்கினே இருக்கணும். சத்தம் மாறினா எனக்குத்தான் தெரியும்."

அத்தனை வருஷம் இவர் பாறைக்குக் கீழே, நான் மேலே. ஷிஃப்ட் முடிந்து பத்து நிமிஷம் தாண்டினால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவேன். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாழ்ந்த வாழ்க்கை. மறுபடியும் அதேவா? அதுவும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு?

"ஒண்ணும் வாணாம், பேசாம வாங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தால் பார்க்கட்டும்.

அந்த நேரம் பார்த்து மகன் போன் செய்தான், வீடு பிடித்ததா என்று.

"ரொம்பப் புடிச்சிருக்குடா… உங்கப்பாவை அதவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாப் புடிச்சிருக்கு. வேற வீடு பாரு."